மூன்று கை வைத்த சட்டை

கணக்கு டீச்சர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் என் மண்டையில் குட்டியவர்கள் எல்லாருமே கணக்கு டீச்சர்கள்தான். அப்படிப்பட்ட நான், என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே இருந்த பாவத்துக்கு, ஒரு கணக்கு டீச்சரின் குரலை வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கோடு எங்க?" என்று ஓர் அதட்டல் வரும். என் பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டுத் தங்கள் நோட்டில் கோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால்தான் அவளுக்குக் கோட்டு டீச்சர் என்று பேர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூன்றாம் வகுப்பைத் தவிர வேறு எந்த வகுப்பையும் அவள் எடுத்ததில்லை. பெரிய வகுப்பு தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார்கள், பதவி உயர்வு என்று சொல்லிப் பார்த்தார்கள். "பெரிய பசங்க சொன்னா நம்பிடுவாங்க. இதுங்கதான் கையால தொட்டுப் பாத்தாத்தான் நம்பும். எனக்கு இதுங்க போதும்" என்று சொல்லிவிட்டாள்.

தொட்டுப் பார்க்க வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சமச்சீர் உருவங்கள் பாடம் வந்தால் அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வகுப்பில் ஒரே அமளி. ஓரத்தில் துணிப்பட்டை ஒட்டிய சின்னச் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாள். பாதி வீடு, பாதி நண்டு, பாதிப் பூட்டு என்று வரைந்த அட்டைகளைக் கொடுப்பாள். கண்ணாடியைக் கோட்டின் மேல் நிறுத்தினால் மீதிப் பாதி கண்ணாடிக்குள் முளைக்கும். பிள்ளைகள் "ஹே" என்று கத்துவார்கள். எத்தனை தரம் பார்த்தாலும் கத்துவார்கள்.

செவ்வகத்துக்கு வரும்போதுதான் வேடிக்கை. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டு, "இது சமச்சீர்க் கோடா?" என்று கேட்பாள். மொத்த வகுப்பும் ஆமாம் என்று கூவும். நானும் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து மனசுக்குள் ஆமாம் என்றுதான் சொன்னேன், முதல் வருஷம். "மடிச்சுப் பாருங்கடா" என்பாள். மடித்தால் மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் இரண்டு காதாக நீட்டிக்கொண்டு நிற்கும். "பாதி பாதியா இருந்தா மட்டும் போதாது. மடிச்சாப் பொருந்தணும்." இதைச் சொல்லிவிட்டு ஒரு நாள் இடைவேளையில் என்னிடம் வந்து, "நானும் எங்க வீட்டுக்காரரும் செவ்வகத்தோட மூலைவிட்டம்டி. சம பாதிதான். மடிச்சாத்தான் பொருந்த மாட்டோம்" என்றாள். டீயைத் துப்பிவிட்டேன்.

மடிக்கும் வித்தை அவளுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலை செய்தவள். பெரிய தாளை எட்டாக மடிக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மேஸ்திரி தாள் கட்டு முழுவதையும் திருப்பி எறிவானாம். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா நேராக அங்கே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிப்பாள். கட்டை விரல் நகத்தால் மடிப்பை ஒரே இழுப்பில் அழுத்துகிற பழக்கம் அங்கே வந்ததுதான். அந்த நகம் கடைசிவரை தேய்ந்தே இருந்தது.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவள் வேலைக்கு ஏறிப் போகிற பஸ்ஸையே ஓட்டியவர். "தினமும் படி கரெக்டா என் காலுக்கு நேரா வந்து நிக்கும். வேற எவனும் அப்படி நிறுத்தினதில்ல. அதுக்காகவே கட்டிக்கிட்டேன்" என்பாள். அவர் அவளைக் கூப்பிடுவது "டீச்சரம்மா" என்றுதான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

பெரிய லீவில் ஒரு நாள், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் வலது பக்கம் ரத்தம் கட்டிக்கொண்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இடது கை துவண்டு கிடந்தது. வாய் மட்டும் குறையவே இல்லை. "பயந்துட்டியா? நான் போனா தடுப்பை எடுத்துட்டு ரெண்டு வகுப்பையும் உன் தலையில கட்டிடுவாங்கன்னுதானே?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தப் பேச்சுதான் எங்களை ஏமாற்றியது. பேச்சு குழறியிருந்தால் நாங்கள் எல்லாரும் உஷாராக இருந்திருப்போம். லீவு முடிவதற்குள் கையும் ஓரளவு தேறிவிட்டது. நடந்தாள், எழுதினாள், திட்டினாள். வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் தலையைப் பார்த்து நான் சிரித்தேன். வலது பக்கம் படிய வாரியிருந்தது. இடது பக்கம் தூங்கி எழுந்த மாதிரியே கிடந்தது. "என்னக்கா, பாதி வழியில சீப்பு உடைஞ்சுபோச்சா?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நல்லாத்தானே வாரியிருக்கேன் என்று தலையைத் தொட்டுப் பார்த்தாள், வலது பக்கத்தை. முகத்திலும் பவுடர் அப்படித்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவர் என்னடி, கோழிக்குப் போடற மாதிரி போட்டு அனுப்பறார்" என்று மூடி வைத்தாள். டப்பாவின் இடது பாதி அப்படியே இருந்தது. நான் அதைச் சுற்றித் திருப்பி வைத்தேன். "அட, இன்னும் இருக்கே" என்று சாப்பிட்டாள். கதவு நிலையில் இடது தோளை மோதிக்கொண்டாள், அன்றைக்கே பல முறை. கண்ணில்தான் ஏதோ கோளாறு, வேறு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அப்படிக்கூட நினைக்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு சட்டையால். ஒரு பெண் பிள்ளை அவள் வகுப்பில் இருந்தாள். எலும்பும் தோலுமாக, சதா ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். எல்லாரும் குருவி என்று கூப்பிடுவார்கள். அக்கா வகுப்பைப் பார்த்து நின்றால் அவளுக்கு இடது கைப்பக்கம் ஜன்னல் ஓரம். அங்கே முதல் பெஞ்சு குருவிக்கு. குருவியின் அம்மா வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறவள். ஒரு நாள் காலையில் அவள் கழுத்தில் அளவு நாடாவோடு ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்தாள். ஹெட்மாஸ்டருக்கு நான் வைத்திருந்த பேர் 'பாக்கலாம் சார்'. கூரை ஒழுகுகிறது என்றால் பாக்கலாம், குழாயில் தண்ணீர் இல்லை என்றால் பாக்கலாம். நான் சாக்பீஸ் வாங்க அங்கே போயிருந்தேன்.

"சார், நான் தையல் மெஷின்ல உக்காந்து பொழைக்கறவ" என்று ஆரம்பித்தாள். "மூணு கை வெச்ச சட்டையை எந்த ஊர்ல சார் போடறாங்க?"

கையில் இருந்த தாளை மேஜையில் விரித்தாள். சமச்சீர் பாடத்துக்கு அக்கா வழக்கமாகக் கொடுக்கிற தாள்தான். இடது பக்கம் அரைச் சட்டை அச்சாகியிருக்கும், நடுவில் புள்ளிக்கோடு, வலது பக்கத்தைப் பிள்ளைகள் வரைந்து முடிக்க வேண்டும். குருவி வரைந்து முடித்திருந்தாள். முடித்த சட்டைக்கு வலது பக்கத்தில் இன்னோர் அரைச் சட்டையும் ஒட்டியிருந்தது, இன்னொரு கையோடு. அதன்மேல் அக்கா கையெழுத்தில் சிவப்பு மையில் ஒரு சரியும், 'மிக நன்று' என்ற எழுத்தும்.

"முதல்ல ஒழுங்காத்தான் வரைஞ்சா. தப்புன்னு போட்டுட்டாங்க. மறுபாதி எங்கன்னு கேட்டாங்களாம். திரும்ப வரைஞ்சா, திரும்பத் தப்பு. அழுதுகிட்டே பக்கத்துல இன்னும் ஒரு கையை ஒட்டிட்டா. உடனே சரின்னுட்டாங்க. இப்போ கிளாஸ்ல எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான் வரையுதாம். விளையாட்டா சார் இது?"

எனக்கு அந்தச் சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்தது. அக்காவின் கண்ணில் அந்தத் தாளின் இடது பாதி விழவே இல்லை. பிள்ளை வரைந்த வலது பாதி மட்டும்தான் அவளுக்குத் தாள். அதனால்தான் மறுபாதி எங்கே என்று கேட்டிருக்கிறாள். சரி எது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். டீச்சருக்கு எது வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டில் எதைப் பிள்ளைகள் வரையும்? நாமெல்லாம் பெரியவர்களாகி எதை வரைந்துகொண்டிருக்கிறோம்?

அன்று சாயங்காலம் டிரைவர் அண்ணனைப் பிடித்தேன். பள்ளிக்கூட வாசலில் அக்காவைக் கூட்டிப்போக வந்து நின்றிருந்தார். மறைக்காமல் சொன்னார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம்மா. பாக்கறது கண்ணு இல்லையாம், மூளையாம். இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அது மறந்துடுச்சாம். மறந்ததும் அவளுக்குத் தெரியாது. நாம சொன்னா ஆமாம்பா, அடுத்த நிமிஷம் மறந்துடுவா. போகப்போக சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு டாக்டர் சொன்னார்."

"தெரிஞ்சுமா அண்ணே வேலைக்கு அனுப்பினீங்க?"

"நான் அனுப்பலைம்மா. வீட்டுல உக்காரவெச்சா செத்துருவா. இந்த கிளாஸ் போச்சுன்னா சுவத்தைப் பாக்கறதைத் தவிர எனக்கு என்ன இருக்குன்னு கேக்கறா. பாதிச் சுவத்தைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, அக்காமேல் அல்ல. யார்மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்னும். வீட்டுக்குப் போய் பாத்திரங்களை டமடமவென்று போட்டேன்.

அடுத்த நாள் இடைவேளையில் அக்காவிடமே நேராகப் பேசினேன். அந்தச் சட்டைத் தாளை அவள் முன்னால் வைத்து, தலையைக் கையால் பிடித்து இடது பக்கம் திருப்பினேன். பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"இத்தனை பிள்ளைக்கும் நான் தப்புச் சொல்லிக் கொடுத்தேனா?"

"ஆமாக்கா."

"என்னை அனுப்பிடுவாங்களா?"

அனுப்பவில்லை. 'பாக்கலாம் சார்' இதற்கும் பாக்கலாம் என்றார். அவருக்கு இரக்கம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அக்கா போனால் வேறு டீச்சர் வருவதற்குள் அந்த வகுப்பை அவரே எடுக்க வேண்டியிருக்கும், அதுதான் காரணம். நான் அவரை நன்றாக அறிவேன்.

அக்கா விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. டாக்டரிடம் கேட்டுவந்து, கரும்பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை சிவப்பு நாடா ஒட்டினாள். ஜன்னல் ஓரச் சுவரில் ஒன்று, மேஜையின் இடது விளிம்பில் ஒன்று. சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. திருப்பத்தான் மறந்துவிடுமே! அதற்குப் பிள்ளைகளை வைத்தாள். "டீச்சர் அந்தப் பக்கம் பாக்காம இருந்தா, சிவப்புன்னு கத்துங்கடா" என்றாள். பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்! "சிவப்பு!" என்று கூரை பறக்கக் கத்துவார்கள். அக்கா தலையைத் திருப்புவாள், நாடாவைப் பிடிப்பாள், அந்தப் பெஞ்சுகளைப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து தானாக வலது பக்கம் வந்துவிடும். மறுபடி "சிவப்பு!" தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். பிறகு மைதானத்தில், சாப்பாட்டு வரிசையில், கழிப்பறையில் எங்கே பார்த்தாலும் சிவப்பு. ஹெட்மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டு வந்து, இனிமேல் எவனும் கத்தக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அதுவரை அவர் வாழ்க்கையில் பாக்கலாம் என்று சொல்லாமல் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

கத்தல் நின்றதும் அக்காவுக்கு ஜன்னல் பக்கம் மறுபடி அழிந்துபோயிற்று. அந்தப் பெஞ்சுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நழுவி வலது பக்கப் பெஞ்சுகளில் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தன. ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு அவரவர் இடத்துக்கு விரட்டினார். குருவி கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு தூக்குவதை நிறுத்தினாள். அத்தனை பேசுகிற பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை நான் வராந்தாவில் போகும்போதெல்லாம் பார்த்தேன். கையில் கிடைத்ததைக் கடித்துக்கொண்டிருக்கும். பென்சில், சட்டைக் காலர், பேனா மூடி.

அப்போதுதான் டிரைவர் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. "நான் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பாத்துத்தானே வண்டி ஓட்டறேன். பின்னால வர்றவன் முன்னால தெரியறான்ல? அதே மாதிரி வலது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டினா, இடது பக்கம் இருக்கறது வலது பக்கத்துல தெரியும். தலையைத் திருப்பவே வேண்டாமே" என்றார். எனக்குக் கூட அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. வீட்டு அலமாரிக் கதவில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் வந்தார். கதவுப் பக்கச் சுவரில், அக்கா நிற்கிற இடத்திலிருந்து ஜன்னல் பெஞ்சுகள் தெரிகிற மாதிரி கொஞ்சம் சாய்த்து மாட்டினார். பஸ் கண்ணாடியைச் சரிசெய்வது போல, தள்ளி நின்று பார்த்து, ஒரு விரல் நகர்த்தி, மறுபடி பார்த்து, வியர்வை ஒழுக ஒழுகச் செய்தார்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் அக்கா அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைக் கதவோரம் நின்று நான் பார்த்தேன்.

"ஏய் குருவி! வந்துட்டியா? இத்தனை நாளா ஏண்டி ஸ்கூலுக்கு வரலை? உடம்பு சரியில்லையா?"

ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை அது. எழுந்து நின்று, "ஆமா டீச்சர், காய்ச்சல்" என்றது. நான் என் வகுப்புக்குப் போய்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

கண்ணாடி சில நாள் நன்றாகவே வேலை செய்தது. ஜன்னல் பெஞ்சுகளில் கேள்வி கேட்டாள், திட்டினாள், மிரட்டினாள். குருவியின் வாய் மறுபடி திறந்தது. டிரைவர் அண்ணன் என்னிடம், "பாத்தியாம்மா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நானும் நம்பிவிட்டேன். பிள்ளைகளுக்கு மறுபடி சமச்சீர் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும், மூன்றாவது கையை அவர்கள் மண்டையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும் என்று அக்கா தகர டப்பாவை எடுத்தாள்.

அன்றைக்குத்தான் நடந்தது. பிள்ளைகள் கண்ணாடித் துண்டுகளை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். குருவி பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்திருக்கிறாள். மூடி தொண்டைக்குள் போய்விட்டது. சத்தம் வரவில்லை. எழுந்து நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பார்த்துவிட்டாள். யாருக்கும் முன்னால் அவள்தான் பார்த்தாள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "குருவி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கண்ணாடியை நோக்கி ஓடினாள்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் இதுதான்: "வாயைத் தொற. வாயைத் தொறடி. பயப்படாத, டீச்சர் இருக்கேன். தொற." நகங்கள் எதன்மேலோ கீறுகிற சத்தம். பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, ஒருவன் அலறினான். அந்த அலறலில்தான் நான் ஓடினேன். உள்ளே நுழைந்தால், அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள். வலது கை விரல்களால் கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளையின் வாயைத் தேடித் துழாவுகிறாள். பிள்ளை அறையின் அந்தக் கோடியில் உதடு நீலம் பாரித்து, பெஞ்சுமேல் சாய்ந்துகொண்டிருக்கிறது.

குருவியைத் தூக்கி என் தொடைமேல் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். எத்தனை முறை என்று தெரியாது. மூடி எச்சிலும் ரத்தமுமாகத் தெறித்து விழுந்தது. பிள்ளை மூச்சை இழுத்தது. அந்த மூச்சின் சத்தம் கேட்டும் அக்கா திரும்பவில்லை. கண்ணாடியில் என்னையும் பிள்ளையையும் பார்த்து, "வந்துடுச்சா? வந்துடுச்சா?" என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குருவியின் அம்மா வந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்ற பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு நான் அக்காவோடு உட்கார்ந்தேன். கண்ணாடி முழுக்க அவள் விரல் தடம்.

"நான் உடனே போனேன்டி" என்றாள். "வாயில விரலை விடப் பாத்தேன். விரல் உள்ள போகலை."

"அது கண்ணாடிக்கா."

"தெரியும். அவர் மாட்டினது."

"அப்புறம் ஏன்க்கா அதுல போய்..."

"அதுலதானே அவ இருந்தா?"

"அதுல இருந்தது பிம்பம்க்கா. மூணாவது படிக்கற பிள்ளைங்களுக்கு நீங்கதானே சொல்லிக் கொடுக்கறீங்க?"

அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் பொருள் எவ்வளவு தூரமோ, அந்தப் பக்கம் பிம்பம் அவ்வளவு தூரம்." ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நிஜப் பிள்ளை எங்க இருந்தா?"

"உங்களுக்கு இடது பக்கம்."

"இடது பக்கம், இடது பக்கம்னு எல்லாரும் சொல்றீங்க. நானும் தலையாட்டறேன். அங்க எனக்கு இருட்டாத் தெரிஞ்சா பரவாயில்லைடி. இருட்டுன்னா அதுக்குள்ள ஏதோ இருக்கும்னு தேடுவேன். உன் முதுகுக்குப் பின்னால இப்போ உனக்கு என்ன தெரியுது? கறுப்பா தெரியுதா? ஒண்ணுமே இல்லைல்ல? அப்படி."

தேய்ந்த கட்டை விரல் நகத்தால் அவள் மேஜையின் வலது விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கண்ணு முன்னாலயே ஒரு பிள்ளை சாகப் பாத்துச்சு. நான் சுவத்தைப் புடிச்சுக் கீறிட்டு நின்னிருக்கேன். இனிமே எந்தத் தைரியத்துல கிளாஸ் எடுக்கறது? நாளையோட போதும். நீ போய் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லு. நானே சொன்னேன்னு சொல்லு."

ஹெட்மாஸ்டர் இந்தத் தடவை பாக்கலாம் என்று சொல்லவில்லை. மேடை போட்டு நாலு வார்த்தை பேசலாமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளிடம் அவளே சொன்னாள். தன் வலது கைப்பக்கமாக வரிசையில் நிற்கச் சொன்னாள். ஒவ்வொருவராக வந்தார்கள். வலது கையால் ஒவ்வொரு கையையும் பிடித்தாள். "ஏழாம் வாய்ப்பாட்டுல இன்னும் தடுக்கற." "உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, ஆனா விடை சரியா இருக்கும், மாத்திக்காத." "அடுத்தவன் பேப்பரைப் பாக்காதடா, அவனுக்கும் தெரியாது." கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு குருவியும் வந்திருந்தாள். அவள் கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள்.

கதவு வலது பக்கம், வரிசை நிற்கிற பக்கம். கையை விட்ட பிள்ளைகளுக்கு வெளியே போக வழியில்லை, போகவும் மனசில்லை. அவளைக் கடந்து ஜன்னல் பக்கமாகப் போய், சுவரோடு சுவராக நெருக்கி நின்றார்கள். சத்தம் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் டிரைவர் அண்ணனும் கதவருகே நின்றிருந்தோம்.

கடைசிப் பிள்ளையும் கடந்து போயிற்று. அக்கா காலியான பெஞ்சுகளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். புன்னகை மாதிரி ஒன்று வந்தது.

"ஒருத்தர்கூட நிக்கலை பாத்தியா?" என்றாள். "பரவாயில்லை. பெல் அடிக்கப் போகுதுன்னா ஓடற வயசுதானே."

சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்புவாள், அவர்களைப் பார்ப்பாள், தான் எதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்கிறாள் என்பதையும் இன்னொரு முறை பார்ப்பாள். வாயைத் திறந்தேன். டிரைவர் அண்ணன் என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே வந்தாள். ஆளில்லாத அறையில் எப்போதும் செய்கிறபடி விசிறியை நிறுத்தினாள். விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே நடந்தாள்.